ஏழு வாரம் முந்திப் பிறந்தவள்

தூதரகத்து அம்மா அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த அன்று நல்ல மழை. செமோரிலிருந்து உள்ளே வரும் செம்மண் சாலையில் கார் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. அவர் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்தே ஆயாக்கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டகை அது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூளிகளைச் சுருட்டிக் கட்டிவிட்டால் அதுவே செல்லாயியின் பள்ளிக்கூடம்.

செல்லாயிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆண்டு 1976. மூன்றாம் படிவம் வரை படித்துவிட்டு, அப்பா பிச்சைமுத்துவோடு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். மத்தியானம் பாலை நிறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். குளித்து, ஒரு வாய் தின்றுவிட்டு, கொட்டகைக்குப் போய்விடுவாள். தம்பி பத்துமலைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததில் ஆரம்பித்தது அது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வந்தன, பிறகு நான்கு வந்தன. கடைசியில் இருபத்தாறு பிள்ளைகள் ஆகிவிட்டன. இதற்கு யாரும் அவளுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

ஈப்போவில் ஓர் இளைஞர் பண்பாட்டு மன்றம் இருந்தது. அதன் தலைவர் துரைசிங்கம். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஐரோப்பாவின் வடக்கிலுள்ள ஒரு குளிர் நாட்டின் தூதரகம் கோலாலம்பூரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை மானியம் கொடுத்துவந்தது. இங்கிருந்து நான்கு இளைஞர்கள் அந்த நாட்டுக்குப் போய் ஆறு வாரம் அங்குள்ள குடும்பங்களோடு தங்கலாம். தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் அங்கே காட்டலாம், அங்கே பிள்ளைகளுக்கு எப்படிக் கல்வி கொடுக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் அவர்கள் நடத்தும் வகுப்புக்குப் புத்தகமும் பலகையும் வாங்கித் தரப்படும். நகரத்து மன்றங்கள் பத்துப் பன்னிரண்டு போட்டி போட்டன. துரைசிங்கம் கெட்டிக்காரர். தம் விண்ணப்பத்தில் செல்லாயியின் கதையைத்தான் முதல் பக்கத்தில் எழுதினார்.

அதைப் படித்துவிட்டுத்தான் தூதரகத்து அம்மா வந்திருந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் செல்லாயியை நிற்க வைத்துப் படம் எடுத்தார். பிறகு பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் நாட்டுக்கு வந்தால் என்ன பார்க்க ஆசைப்படுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். துரைசிங்கம் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் செல்லாயி தனக்கு வந்த ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தனக்கு யாரும் காட்டித் தரவில்லை, தானாக ஏதோ செய்கிறேன், சரியா தப்பா என்று தெரியவில்லை, அதைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த அம்மா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் மானியம் கிடைத்துவிட்டது. நான்கு பேரில் முதல் பெயர் செல்லாயியுடையது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அன்று எல்லோர் வீட்டிலும் அதே பேச்சு. அம்மா வீரம்மா மகளுக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். பிச்சைமுத்து பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் கடைத்தெருவுக்குப் போய், "அங்க ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கற மாதிரி குளிருமாம்லா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெளிநாடு போவதற்கான கடப்பிதழ் எடுக்க அப்பாவும் மகளும் ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்கள். அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அதிகாரி இளவயதுக்காரர், சிரித்த முகம். விண்ணப்பப் பாரங்களைப் பார்த்தார், புகைப்படத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைக் கையில் எடுத்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேரா லா இனி, அடேக்," என்றார். இது சிவப்பு அட்டை ஆயிற்றே, தங்கச்சி.

தன் அட்டை சிவப்பு என்பது செல்லாயிக்குத் தெரியாதது அல்ல. தோட்டத்தில் பாதிப் பேருடையது சிவப்புதான். வேலை பெர்மிட் புதுப்பிக்கிற சமயத்தில் பெரியவர்கள் கவலையாகப் பேசிக்கொள்வார்கள். மற்ற நாளில் அது பெட்டிக்குள் கிடக்கும். சிவப்பு என்றால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, குடிமகள் இல்லாதவளுக்குக் கடப்பிதழ் இல்லை என்று அந்த அதிகாரி மெதுவாக, இரண்டு முறை விளக்கினார். பிறந்த தேதியை மறுபடியும் பார்த்தார். 1957, ஜூலை 13. விரல் விட்டு எண்ணினார்.

"நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு ஏழு வாரம் முன்னால்," என்றார் மலாயில். "அதற்குப் பிறகு பிறந்திருந்தால் சிக்கல் இருந்திருக்காது."

தம்பி பத்துமலை 1960இல் பிறந்தவன். அவன் அட்டை நீலம். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். பஸ்ஸில் திரும்பும்போது செல்லாயி இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். பிச்சைமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து முனையில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாம் என்னாலதான் பாப்பா."

"ஒங்களால என்னப்பா?"

"மெர்டேக்கா முடிஞ்சு ஒரு வருசத்துக்குள்ள குடியுரிமைக்குப் பதிஞ்சுக்கலாம்னாங்க. மலாய்ப் பரிச்ச கூட இல்ல. ஆபீசுக்கே வந்து மேச போட்டு உக்காந்துருந்தாங்க. பேரக் குடுத்தா திரும்பி ஊருக்குப் போக முடியாதுன்னு சிலபேரு சொன்னானுங்க. நானும் நாமக்கல்லுக்குத் திரும்பிறலாம்னு இருந்தேன். போவல. நீ ஒங்கம்மா மடியில கெடந்த. அந்த மேசைக்கும் நம்ம வீட்டுக்கும் நூறு அடிதான் இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். செல்லாயி அவர் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

செய்தியைக் கேட்ட துரைசிங்கம், தூதரகத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். அடுத்த வாரம் அவரே தோட்டத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நான் என்ன செய்யிறது சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள பெயர் குடுக்கச் சொல்லி நிக்கினம். ஓர் இடம் காலியா விட்டா முழு மானியத்தையும் திருப்பி எடுத்துப் போடுவினம். உன்ர கொட்டகைக்கு வாற புத்தகங்களும் போயிடும்."

"அப்ப யாரு போறாங்கய்யா?"

"எங்கட சந்திரமதியைப் போடச் சொல்லிக் கொமிட்டி சொல்லுது," என்றார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

சந்திரமதி அவர் மகள். இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள். தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பெண். ஆனால் விண்ணப்பத்தில் தோட்டத்துக் கும்மியும் நடவுப் பாட்டும் ஆடிப் பாடிக் காட்டுவதாக எழுதியாகிவிட்டது. சந்திரமதிக்கு பரதநாட்டியம்தான் தெரியும். ஆகவே துரைசிங்கம் இன்னொன்றும் கேட்டார். செல்லாயி வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வீரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில வச்ச சோத்தப் புடுங்கிட்டு, அவளுக்கு ஊட்டிவிடவும் நீயே வரணுமாமா? போவாத."

"புத்தகம் வரும்லாம்மா," என்றாள் செல்லாயி.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் ஈப்போவுக்குப் போனாள். துரைசிங்கத்தின் வீட்டுக் கூடத்தில் மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. முதல் நாள் செல்லாயிக்குக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சந்திரமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றாள். ஆட்டம் கற்றவளாதலால் அடவுகள் சுத்தமாக விழுந்தன. கும்மிக்கு அது சரிப்படவில்லை. கும்மிக்கு உடம்பு கொஞ்சம் தளர்ந்து கொடுக்க வேண்டும். "அக்கா, நிமிந்து நிக்காதீங்க. களையெடுக்கறப்ப இடுப்பு எப்படிக் குனியும்? அப்படி," என்று செல்லாயி சொன்னாள். சந்திரமதி களையெடுத்ததில்லை. செல்லாயி அவள் இடுப்பில் கைவைத்து வளைத்துக் காட்டினாள். இரண்டாம் ஞாயிறு இருவரும் கைதட்டிச் சுற்றிவந்தபோது, பாட்டு சரியாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில், யார் போகப்போகிறோம் என்பதே செல்லாயிக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. துரைசிங்கம் அப்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு விடைபெறும்போது சந்திரமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வெக்கமா இருக்கு செல்லாயி. இது உன்ர இடம்."

"நல்லபடியா போய்ட்டு வாங்க அக்கா. அங்க சின்னப் பிள்ளைங்க வகுப்ப மட்டும் நல்லாப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க," என்றாள் செல்லாயி.

வழியனுப்பு விருந்து மன்றத்து மண்டபத்தில் நடந்தது. பிச்சைமுத்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மகளோடு வந்திருந்தார். தூதரகம் அச்சடித்து அனுப்பிய வழவழப்பான தாள்களை வாசலில் கொடுத்தார்கள். முகப்பில் செல்லாயியின் படம். ஆயாக்கொட்டகை, மழை, இருபத்தாறு பிள்ளைகள், நடுவில் அவள்.

"கீழ என்னமோ எழுதியிருக்கே, என்னாது?" என்று பிச்சைமுத்து கேட்டார்.

"மலேசியாவின் இளைய தலைமுறைன்னு போட்டிருக்கு."

அவர் அந்தப் படத்தையும் மேடையில் மாலையோடு நின்ற நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகாரத் தட்டைத் தொடாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். செல்லாயி தேடிப் போனபோது அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சந்திரமதி ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். புத்தகங்கள் வந்தன, கரும்பலகை வந்தது. அவள் சில சனிக்கிழமைகளில் கொட்டகைக்கு வந்து, அந்த நாட்டில் பிள்ளைகள் தரையில் படுத்துப் படம் வரைவதையும், ஆசிரியர் அடிக்காமல் பாடம் நடத்துவதையும் சொன்னாள். செல்லாயி பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கேட்டாள். அடுத்த ஆண்டே அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சந்திரமதிக்கு இடம் கிடைத்தது. போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

பிச்சைமுத்து அன்றிலிருந்து வேறு மனிதர் ஆகிவிட்டார். மகளுக்கு நீல அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாவேன் என்று பிடித்துக்கொண்டார். மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஈப்போ பதிவு இலாகாவுக்குப் போவார். பாரம் வாங்குவார். கையெழுத்து வேண்டும் என்பார்கள். அந்தக் கையெழுத்துக்குச் செமோருக்கு ஓடுவார். மருத்துவச்சி இறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது; பிரசவம் பார்த்ததற்குச் சாட்சி சொல்ல ஆளைத் தேடிச் சிலிம் ரிவர் வரைக்கும் போய்வந்தார். செல்லாயி மலாய் நேர்காணலுக்குப் போனாள். நன்றாகவே பதில் சொன்னாள். பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதம் வந்தது. அடுத்த வருஷமும் அதே கடிதம் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது.

"விடுங்கப்பா. இனிமே அட்ட வந்து நான் எங்க போகப்போறேன்?" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நீ போவலன்னாலும் பரவால்ல பாப்பா. நான் கெடுத்தத நானே சரி பண்ணணும்."

சில நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படியே வெறித்துக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால், "நூறு அடி," என்பார். வீரம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நாளாக ஆக அந்த வீட்டில் யாரும் வெளிநாட்டைப் பற்றியோ தூதரகத்தைப் பற்றியோ வாய் திறப்பதில்லை.

1981 ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலி. காலை வெட்டில், தன் மர நிரையின் பாதியில், மரத்தில் சாய்ந்தபடி உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிரையிலிருந்த செல்லாயி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். "பாப்பா, மன்னிச்சிரு," என்று இரண்டு முறை சொன்னார். என்ன மன்னிப்பு, பேசாம இருங்கப்பா, லோரி வருது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். லோரி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயம் காலியாயிற்று. ஆயாக்கொட்டகையின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். செல்லாயி தாயைக் கூட்டிக்கொண்டு ஈப்போ புந்தோங்கில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். துணித் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை. பத்துமலை சித்தியவான் பக்கம் வேலை தேடிப் போனான். 1983இல் நீல அட்டை வந்தது. தபால்காரன் பழைய முகவரியெல்லாம் அலைந்து கொண்டுவந்து கொடுத்த அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், பெருவிரல் ரேகை வைத்து வாங்கிவந்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். மன்றத்துப் பக்கம் விசாரித்துப் பார்த்ததில், மானியம் நின்றுபோய்விட்டது, நின்றிருக்காவிட்டாலும் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் சந்திரமதி அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். துரைசிங்கம் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செல்லாயி துக்கம் விசாரித்தாள், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். சந்திரமதி அதைக் குடிக்காமல் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள்.

"அப்பாவின்ர பைலுக்குள்ள இருந்தது. எனக்கு முந்தித் தெரியாது செல்லாயி. சத்தியமாத் தெரியாது."

ஆங்கிலக் கடிதம். செல்லாயி எழுத்துக் கூட்டாமல், ஆனால் மெதுவாகப் படித்தாள். தூதரகத்திலிருந்து வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பயணம் செய்ய அடையாளச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதற்குத் தூதரகமே எழுதிக் கேட்கத் தயார் என்று அதில் இருந்தது. இந்த ஆண்டுக்குள் அது முடியாவிட்டால் செல்லாயிக்கான இடத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதாகவும், மானியத்துக்கு இதனால் எந்தப் பாதகமும் இல்லை என்றும் எழுதியிருந்தது. ஆயாக்கொட்டகையில் அவள் சொன்ன பதிலைத் தாங்கள் மறக்கவில்லை என்று கடைசி வரி.

இரண்டாவது தாள் துரைசிங்கம் அனுப்பிய பதிலின் நகல். செல்லாயி குடும்பக் காரணங்களால் தானாகவே விலகிக்கொண்டாள் என்று இரண்டே வரி.

செல்லாயி முதல் தாளின் தேதியை மறுபடியும் பார்த்தாள்.

"இது நம்ம கும்மி பழகிக்கிட்டு இருந்த சமயமா?"

"ஓம். ரெண்டாம் ஞாயிறுக்கு முதல் நாள் வந்திருக்கு."

வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சந்திரமதி அழுதாள். அங்கே தனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வயது பார்க்க மாட்டார்கள், தான் எழுதிக் கேட்பதாகச் சொன்னாள். டிக்கெட்டைத் தானே எடுப்பதாகச் சொன்னாள். செல்லாயி தாள்களை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் அக்கா."

"என்னில கோபமா?"

"ஒங்க மேல இல்ல." செல்லாயி அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நான் போவாததுகூட பரவால்ல அக்கா. எங்கப்பா இருந்தாரே. அஞ்சு வருசம். தன்னாலதான்னு நெனச்சு நெனச்சே செத்துப்போனாரு. ஒங்கப்பா ஒரு நாள் வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு சோறு தின்னுருப்பாரு."

சந்திரமதி தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இருட்டுவதற்கு முன் போய்விட்டாள். வாசல் வரை செல்லாயி கூடப் போகவில்லை.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த வீரம்மாவுக்கு அரைகுறையாகத்தான் காது கேட்டிருந்தது. "என்ன கடுதாசி அது? மறுபடியும் கூப்புடறாங்களா?"

"அப்பா மேல தப்பில்லம்மா. சிவப்பு அட்டைக்கும் போயிருக்கலாமாம். அவங்க வரச் சொல்லித்தான் எழுதியிருந்தாங்க. இங்கதான் நம்மகிட்ட சொல்லல."

வீரம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.  பிச்சைமுத்து செத்த அன்று அழுததற்கும் மேலாக அன்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் செமோருக்குப் பஸ் ஏறினார்கள். தோட்டத்தில் மரங்களையெல்லாம் சாய்த்திருந்தார்கள். சுடுகாட்டு மேட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. ஆனால் லாலாங் புல் தலைக்குமேல் வளர்ந்து கிடந்தது. அவர் பெயர் எழுதி நட்டிருந்த பலகை எங்கே என்று தெரியவில்லை. செல்லாயி கையால் புல்லை விலக்கிக்கொண்டு அங்கும் இங்கும் தேடினாள். முழங்கை வரை கீறிப்போயிற்று. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"வா, போலாம்மா. எடம் தெரியல," என்றாள்.

வீரம்மா நகரவில்லை. புல்லுக்குள் எந்தத் திக்கு என்று தெரியாமல், பொதுவாகப் பார்த்து, லயத்து வாசலில் நின்று வேலைக்காட்டில் இருப்பவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒங்க மேல தப்பில்லையாம். பாப்பா சொல்றா. கேக்குதா?"